இரண்டு இன்ஜினுக்கு நடுவே ஒரு தார்ப்பாய்

மூங்கில்துறைப்பட்டு,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் மணிமொழிக்கு,

அப்பா செல்லமுத்து எழுதுவது. இங்கே எல்லோரும் ஏதோ இருக்கிறோம், அவ்வளவுதான். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அவளை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது.

கரும்பு வெட்டு நேற்று முடிந்தது. ஆலைக்குக் கடைசி டிராக்டரும் போய்விட்டது. மலைப் பக்கம் இரண்டு நாளாக மூட்டம். உன் தம்பி அறிவுச்செல்வன் நீ வேலை பார்க்கிற டீசல் இன்ஜின் படத்தை போன் முகப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் அக்காவை விட வயதில் மூத்த இன்ஜின் என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிகிறான். எனக்கு எரிச்சலாக வருகிறது.

நீ அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டைத் திருக்கோவிலூர் டாக்டரம்மாவிடம் காட்டினேன். வலது சிறுநீரகம் வீங்கியிருக்கிறதாம். சிறுநீரை இப்படியே அடக்கி வைத்தால் கிட்னியே போய்விடும் என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் அப்படி என்ன வேலை என்று கேட்டார். ரயில் இன்ஜினில் உதவி டிரைவர் என்றேன். பெருமையாகச் சொல்லிப் பழகிய வாய், அன்று கூசியது.

இன்ஜினில் கழிவறை கிடையாது என்பதை அவர் நம்பவில்லை. நான் கண்ணால் பார்த்தவன் ஆயிற்றே. ஐப்பசியில் வடக்கே வந்தபோது பார்த்த உன் யார்டு அப்படியே கண்ணில் நிற்கிறது. எண்ணெய் குடித்துக் கறுத்த மண், நிலக்கரிக் குவியல், ஓரத்துத் தண்டவாளத்தில் துருவேறி நிற்கும் பழைய டீசல் இன்ஜின்கள். உன் இன்ஜின் மட்டும் நின்ற இடத்திலும் உறுமிக்கொண்டே இருந்தது. அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்றாய். ஆண்கள் வேகன் மறைவில் ஒதுங்கிவிட்டு வந்தார்கள். காலையில் ஏறிய நீ வெயில் தாழும் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது நம் கொல்லை வழக்கம் ஒன்றுதான். கரும்பு வெட்ட வரும் பெண்களுக்கு வரப்போரம் தார்ப்பாய் கட்டி மறைப்பு செய்துகொடுப்போமே, மறுநாள் அதையே உனக்கும் செய்தேன். ஓடாத இரண்டு இன்ஜின்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினேன். ஒருவரையும் கேட்கவில்லை. செத்துப்போன இன்ஜின் எங்கே நகரப் போகிறது என்று நினைத்தேன். அன்றைக்கே அவற்றைப் பழைய இரும்புக்கு உடைக்க இழுத்துப் போக வந்தார்கள். நீ மறைப்புக்குள் இருந்தாய். நான் போட்ட கூச்சல் அந்த இரைச்சலில் எவர் காதிலும் விழவில்லை. தார்ப்பாய் கிழிந்து பறந்ததைப் பார்த்துத்தான் இழுக்க வந்த இன்ஜினின் டிரைவர் நிறுத்தினார். அதற்குள் செத்த இன்ஜின் ஒரு முழம் நகர்ந்திருந்தது.

என்னை வேலிக்கு வெளியே தள்ளிவிட்டு, கட்டியது நீயே என்று எழுதிக் கொடுத்தாய். வெளியாள் நுழைந்ததற்கு என்மேல் கேஸ் வரும் என்று பயந்தாய். இப்போது மெமோ உன் பேரில். உடம்பைக் காட்டி நீ கேட்ட ஆபீஸ் வேலைக்கும் விசாரணை முடிகிற வரை மாற்ற மாட்டோம் என்கிறார்கள். கட்டியது நான்தான் என்று ஆளைப் பிடித்து இங்கிலீஷில் எழுதி உன் மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் போட்டேன். பெற்றுக்கொண்டதாக சீல் குத்திய அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை. இனி யாரிடம் போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை, அம்மா.

நேற்று போனில் உன் முகத்தைப் பார்த்துவிட்டு உன் அம்மா, "இன்னாய்யா, பொண்ணு எளைச்சிகினே போவுது, ஒயுங்கா சாப்புடுதா இல்லியா?" என்று பிடித்துக்கொண்டாள். அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று பொய் சொன்னேன்.

வேலையை விட்டுவிடட்டுமா என்று போன மாதம் கேட்டாய். அரசாங்க வேலையை எவளாவது விடுவாளா என்று அதட்டினேன். அந்தப் பேச்சைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். வந்துவிடு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ராத்திரி பகலாகப் படித்து வாங்கிய வேலை உன்னுடையது. நீயாக வந்தால், ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்க விடமாட்டேன்.

தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் குடித்து நன்றாக இரு, தாயே. பெற்ற பிள்ளையை இப்படி வாழ்த்த வேண்டியிருக்கிறது.

உன் அப்பா,
செல்லமுத்து.