நீ வேண்டாமென்ற கோப்புகள்

நண்பா,

இன்று காலை புது சர்வர் நம் பொதியை ஏற்க மறுத்தது. அளவு மிகப் பெரிது என்று திரையில் சிவப்பாக ஒரு வரி. முதலில் சர்வர்காரனைத்தான் சந்தேகப்பட்டேன். என் குணம்தான் உனக்குத் தெரியுமே. நீ டீ குடிக்கப் போனால் உன் கணினியில் என்ன திறந்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவன் நான்.

பட்டு முதலாளிக்காக, அவர் கடைக்கு மேல் மாடி அறையில் உட்கார்ந்து நாம் இருவரும் செய்த செயலி அது. எந்தத் தறிக்கு எந்த டிசைன் என்று முள்ளிப்பட்டு கிராமத்து நெசவாளர்கள் வீட்டிலிருந்தே போனில் பார்த்துக்கொள்வார்கள். நிரல் எழுதியது நீ. அதையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் கண்டெய்னர் இமேஜ் என்ற ஒரே பொதியாகக் கட்டி, இணையக் கிடங்கில் ஏற்றுவது என் வேலை.

எவற்றை உள்ளே சேர்க்கக் கூடாது என்று நீ ஒரு விலக்கல் பட்டியல் எழுதி வைத்திருந்தாய். "எல்லாத்தையும் வாரிப் போட்டுகினு இருக்காதடா. டிசைன் வரைவு ஃபோல்டர் நம்மகிட்டயே இருக்கட்டும்" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. இவன் ஏன் சிலதை மட்டும் தனியே வைத்துக்கொள்ளப் பார்க்கிறான்? நாளைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வேறு முதலாளியிடம் போய்விட்டால்? நீ உன் ஊரான கலசப்பாக்கத்துக்குப் போன நாளில் பட்டியலை அழித்துவிட்டு, மொத்தத்தையும் கட்டி ஏற்றினேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு.

அந்தத் தீபாவளிக்கு நம் கொடி பார்டர் புடவைகள் தறியிலிருந்து இறங்கும் முன்பே, அதே பார்டர் விசைத்தறியில் வந்து கடைகளில் தொங்கியது. அதில் ஓர் இலை தலைகீழ். முதலாளி திருத்தச் சொன்ன பழைய வரைவு அது, நெசவாளர்களுக்கே போகாதது. நம் இருவரிடம் மட்டுமே இருந்தது. நான் கொடுக்கவில்லை. அப்படியென்றால் நீதான்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன். அது போதுமாக இருந்தது. "கூட இருந்துகினே குழி பறிச்சிட்டியேடா!" என்று உன்னிடம் கத்தினார்.

"நா யாருக்கும் தரலீங்க" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ இன்னாடா பேசாம கீற?" என்றாய். நான் சுவரைப் பார்த்தேன்.

நீ சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாய். நீ மாரடைப்பில் இறந்த சேதி வந்தபோது உன் ஊருக்கு வந்து உனக்கு மாலை போட்டேன். அப்போதும், ஒத்துக்கொள்ளாமலே போய்விட்டானே என்றுதான் மனதில் ஓடியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

இன்று பொதி ஏன் இத்தனை கனம் என்று அடுக்கடுக்காகப் பிரித்தேன். வரைவு ஃபோல்டர் முழுசாக உள்ளே இருந்தது, அந்தத் தலைகீழ் இலையோடு. கிடங்கின் பக்கத்தைத் திறந்தால், முதல் நாளிலிருந்தே யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறது. அப்போதும் ஒரு நிமிடம், பட்டியலை அழித்ததையே மறந்து, நீதான் என் கணக்கில் புகுந்து ஏற்றியிருப்பாயோ என்று சந்தேகப்பட்டேன். தேதியைப் பார்த்தேன். நீ ஊருக்குப் போயிருந்த நாள். நான் பட்டியலை அழித்த நாள்.

இறங்கிப் போய் முதலாளியிடம் சொன்னேன்.

"அப்ப அவன் ஒண்ணும் பண்ணலையா?"

"இல்லீங்க. நான்தான்."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நீ இறந்தது அவருக்குத் தெரியாது. உன் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அது எனக்கும் வசதியாக இருந்தது.

"என்னாண்ட வந்து சொல்றியே. ஜல்தியா போய் அவனாண்ட சொல்லுடா. நானும் வரேன்னு சொல்லு" என்றார்.

"சரிங்க" என்றேன். அந்தச் சரியை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பதென்று தெரியவில்லை.