அப்பாவிடம் நீ கேட்ட வான் விஷயம்

உ
பிள்ளையார் துணை

கோப்பாய் தெற்கு
(இதை எழுதுவது ஆசுப்பத்திரி வாசலில், அப்பாவின் வான் வண்டிக்குள் இருந்து)
10.09.1992

அன்புள்ள மகன் தயாபரனுக்கு,

நீயும் மருமகள் வசந்தமலரும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தக் குளிர் நாட்டில் நோய் நொடி அண்டாமல் இருக்க வேண்டும் என்று கைலாசப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் சுகத்தை முதல் வரியில் எழுத இயலாமல் இருக்கிறது ராசா. உன் தங்கச்சி பத்மாசினிக்கு இன்று விடியவே பிள்ளைப்பேற்று நோ கண்டுவிட்டது, நாள் வர முதலே கண்டுவிட்டது, இப்போது பெரியாசுப்பத்திரியில் உள்ளே கிடக்கிறாள். ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மருமகன் சற்குணம் இரத்தம் கொடுக்க உள்ளே போய்விட்டார். முன்பு இரண்டு தரம் தங்காமல் போனது உனக்குத் தெரியும், இது மூன்றாவது, கலியாணம் முடித்து ஏழு வருசம். செல்வத்துரை வாத்தியார் இன்று பின்னேரம் கிளாலிக் கடலால் வள்ளம் ஏறிக் கொழும்புக்குப் போகிறார், போகிற வழியில் வாசலில் நின்று கடிதத்தை வாங்குவேன் என்று சொன்னவர். அவர் வர முதல் நல்ல சேதி வந்தால் அதையும் எழுதுவேன். கை சும்மா இருந்தால் மனம் கண்டபடி ஓடுகிறது, அதுதான் எழுதுகிறேன், எழுத்துப் பிழை பார்க்காதே.

நீ மாசி மாதம் அப்பாவின் பெயருக்குப் போட்ட கடிதம் போன கிழமைதான் கப்பல் தபாலில் வந்து சேர்ந்தது. அவர் போனது பங்குனியில். நீ எழுதும்போது இருந்த மனிசன், கடிதம் வரும்போது இல்லை. வானை எடுத்தால் வாங்கப்போகிற மண்ணெண்ணெய் அதற்கே போய்விடும் என்று சைக்கிளில் போய், வரிசையில் நிற்கும்போது ஆமி அடித்த செல் விழுந்தது என்று உனக்கு அறிவித்தோம்தானே. சற்குணத்தைக் கொண்டு கடிதத்தை வாசிப்பித்தேன், பிறகு நானும் எழுத்துக் கூட்டி வாசித்தேன். நீ புதிதாய் வான் வாங்கியிருக்கிறாய், எங்களுடையதைப் போலவே பக்கத்தால் ஓடுகிற தள்ளுக் கதவு, சின்னவன் அந்தக் கதவோடு ஒரே விளையாட்டு, வசந்தமலர் ஓட்டப் பயப்படுகிறாள், அப்பா நீங்கள் எங்களை எப்படிக் கொண்டுதிரிந்தீர்கள் என்று கேட்டிருக்கிறாய். அவர் இருந்தால் பக்கம் பக்கமாய் எழுதியிருப்பார். நான் பக்கத்துச் சீற்றில் இருந்து பார்த்ததைத்தான் எழுத முடியும். உன்னுடைய வானில் கதவு விளிம்பில் ஒரு சின்னப் பூட்டு இருக்கிறது, அதைப் போட்டால் உள்ளே இருந்து பிள்ளைகள் திறக்க இயலாது என்று எழுதியிருந்தாய். எந்த நேரமும் அதைப் போட்டு வை. இங்கே எங்களுக்கு மறுவளம். குண்டு போடுகிற பொம்மர் வந்தால் எல்லோரும் உடனே குதிக்க வேண்டும் என்று அப்பா எங்களுடையதில் இருந்த உள்பூட்டைக் கழற்றியே விட்டார். எங்கள் கதவு திறபட வேண்டும், உன் கதவு திறபடக் கூடாது. குளிர் என்று கொட்டிலுக்குள் வைத்து எஞ்சினை ஓட விடாதே. ஒருநாள் மழைக்கு அப்பா அப்படி விட்டுவிட்டு உள்ளே தேத்தண்ணி குடிக்க வந்தார், மூலையில் அடைகிடந்த கோழி அந்தப் புகையில் தலை சரிந்து செத்துப் போய்விட்டது. பிள்ளைகளை உள்ளே விட்டு, ஸ்ராட் பண்ணுகிற திறப்பையும் விட்டுவிட்டு எங்கேயும் இறங்காதே.

இன்று நடந்ததைச் சொல்கிறேன், சொன்னால்தான் நான் ஏன் இப்படிக் கிடந்து புத்தி சொல்கிறேன் என்று உனக்கு விளங்கும். இங்கே இப்போது பெற்றோல் என்பது மருந்துக்குத்தான். அப்பா முன் சீற்றுக்குப் பின்னால் ஒரு சேலைன் போத்தலைக் கட்டி, அதில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, காபரேட்டருக்குக் குழாய் விட்டிருந்தார். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சுட்ட பிறகு ஒரு சின்னத் திருகியைத் திருப்பினால் மண்ணெண்ணெயில் ஓடும். நிறுத்துவதற்கு முன்னால் நாலைந்து வீடு தள்ளியே திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே மண்ணெண்ணெய் நின்று அடுத்த முறை அசையாது. எங்கள் வான்கள் எல்லாம் இப்போது அப்படித்தான் ஓடுகின்றன. சற்குணத்துக்கும் இது நல்லாய்த் தெரியும், அப்பா போன பிறகு வெள்ளிக்கு வெள்ளி வளவுக்குள் ஸ்ராட் பண்ணி வைத்தது அவர்தான். பத்மாசினியை நடுச் சீற்றில் சரித்துவிட்டு, அயல்வீட்டு மார்கிரட் அக்காவையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டோம். மார்கிரட் அக்கா முந்தி மிசன் ஆசுப்பத்திரியில் நேர்சாய் இருந்தவ. இருந்த இருப்பிலேயே, மீனாம்பிகை நீர் அழுறதெண்டால் இறங்கும், அழுறதுக்கு வானுக்குள்ளை இடமில்லை எண்டு என்னைப் பேசினா. பத்மாசினிக்கு அந்த நோவிலும் சிரிப்பு வந்தது.

இருபாலைச் சந்தி தாண்ட பொம்மர் இரைச்சல் கேட்டது. ரோட்டில் போன சனம் சைக்கிள்களைப் போட்ட போட்டில் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டது. சற்குணம் ஒரு வேப்பமரத்துக்குக் கீழே வானை விட்டுத் திறப்பைத் திருப்பி நிறுத்திவிட்டார். நானும்தான் நிப்பாட்டுங்கோ தம்பி, நிப்பாட்டுங்கோ, எந்தப் பக்கம் போறானெண்டு கேக்கட்டும் எண்டு கத்தினேன். எஞ்சின் இரைந்தால் பொம்மர் எந்தப் பக்கம் பதிந்து இறங்குகிறது என்று தெரியாது, இந்த ஊரில் ஓட்டுகிற எவரும் அதைத்தான் செய்வார்கள். பெற்றோலுக்கு மாற்ற வேண்டும் என்ற நினைப்பு அந்த நேரம் ஒருவருக்கும் வராது. பத்மாசினியை இறக்க இயலாது, மார்கிரட் அக்கா அவளுக்கு மேலே தலையணையை வைத்துக் குனிந்துகொண்டா, நான் கீழே தட்டில் இருந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை சுற்றினான். குண்டு அரியாலைப் பக்கமாய் விழுந்தது, வானின் கண்ணாடி எல்லாம் கிடுகிடுத்தது. போய்விட்டான் என்று தெரிந்ததும் சற்குணம் திறப்பைத் திருப்பினார், கிர் கிர் என்றது, அவ்வளவுதான். பெற்றோலுக்குத் திருகியை மாற்றியும் ஒன்றும் இல்லை, பற்றரியும் இறங்கத் தொடங்கிவிட்டது. புதுப் பற்றரிக்கு இங்கே எங்கே போவது. பத்மாசினி அம்மா அம்மா என்கிறாள், மார்கிரட் அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறா, நேரம் இல்லை என்று.

எஞ்சின் இருக்கிறது முன் சீற்றுக்குக் கீழேதானே. சீற்றை நான் தூக்கிப் பிடித்தேன், சற்குணம் காபரேட்டருக்குக் கீழே இருக்கிற புரியாணியைக் கழற்றி நின்ற மண்ணெண்ணெயை ஒழுக விட்டார், என் சீலைத் தலைப்பெல்லாம் நனைந்துவிட்டது. அதுக்குள்ளே வாய்க்காலில் கிடந்த சனம் எழும்பி வந்துவிட்டது. ஒரு பெரியவர் வாயில் சுருட்டோடு, என்ன தம்பி என்ன பிழை எண்டு எஞ்சினுக்குள் தலையை நீட்டினார். மார்கிரட் அக்கா எழும்பி வந்து சுருட்டைப் பறித்து வாய்க்காலுக்குள் எறிந்துபோட்டு, ஐயா, பொம்மருக்குத் தப்பினதை நீர் முடிச்சுவைக்கப் போறீரோ எண்டு கேட்டா. அந்த மனிசன் கோபிக்கவில்லை, அது கடைசிச் சுருட்டு பிள்ளை எண்டுபோட்டு, முதல் ஆளாய்ப் பின்னுக்குப் போய்த் தள்ள நின்றார். எல்லோரும் தள்ளினோம். நான் பக்கத்தால் தள்ளினேன், கதவைச் சாத்த மறந்துபோனோம் மகன், அது பின்னுக்குத் திறந்தபடியே நின்றது. எஞ்சின் பிடித்து வான் ஒரு துள்ளுத் துள்ளிப் பாய்ந்தது. முன்னுக்கு ஆரோ போட்டுவிட்டுப் போன சைக்கிள் கிடந்தது, சற்குணம் பிரேக்கை அமத்தினார். தள்ளுக் கதவு நிற்குமா, பிரேக் பிடித்தால் அது தன்பாட்டில் முன்னுக்கு ஓடி வந்து அடிக்கும். பத்மாசினியின் கை கதவு நிலையைப் பிடித்தபடி இருந்தது, விரல் எல்லாம் வெளியே.

கை, எண்டு கத்தினேன். உனக்கு ஞாபகம் இருக்கும், நீங்கள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் கதவைச் சாத்த முதல் அப்பா அப்படித்தான் ஒரு சத்தம் போடுவார், வானில் இருக்கிற எல்லோரும் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் சாத்தமாட்டார். கலியாணத்துக்குப் போன பெரிய ஆட்களையும் தூக்க வைத்தவர், எத்தனை பேர் அதுக்குப் பகிடி பண்ணினது. அந்த நோவுக்குள்ளும் பத்மாசினி இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். கதவு அடித்த அடியில் கைப்பிடி கழன்று ரோட்டில் விழுந்தது. அவளுடைய விரலுக்கு ஒன்றும் இல்லை. வந்து சேருமட்டும் கையைக் கீழே விடவே இல்லை, மார்கிரட் அக்கா இனி இறக்கு பிள்ளை எண்டு சொன்ன பிறகுதான் விட்டாள். ஆனபடியால் சின்னவனுக்குப் பேசாதே, அடிக்காதே, கை எண்டு சத்தம் போட்டு எல்லோரும் தூக்கப் பழக்கு, விளையாட்டாய்ப் பழகினால்தான் அந்தரம் ஆபத்தில் தானாய் வரும். மருமகளையும் ஓட்டப் பழக்கு. உனக்கு ஒரு வருத்தம் வந்தால் அவள்தானே ஸ்ரியறிங்கைப் பிடிக்க வேண்டும். கதவு சரியாய்க் கொளுவின சத்தம் கேட்காமல் பிரேக்கை விடக் கூடாது என்று சொல்லிக் கொடு.

இப்போது வாசலில் காயப்பட்ட ஆட்களைக் கொண்டுவருகிறார்கள், அரியாலையில் விழுந்ததுக்கு. ஒரு லொறி, பிறகு ஒரு ட்ரக்ரர். பார்க்க இயலவில்லை, குனிந்துகொண்டு எழுதுகிறேன். டொக்டர்மார் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினால் என் பிள்ளையை ஆர் பார்ப்பது என்ற நினைப்பு வருகிறது, அப்படி நினைக்கிறதும் பாவம்தான். நான் ஏன் உள்ளே போகாமல் வானுக்குள் இருக்கிறேன் என்று கேட்பாய். வானைக் காவல் பார்க்க என்று சற்குணத்துக்குச் சொன்னேன். உனக்கு மறைக்க என்ன இருக்கிறது, பொட்டழித்து ஆண்டு திரும்பாத நான் பிள்ளை பிறக்கிற இடத்தில் முன்னுக்கு நிற்கக் கூடாது. இரண்டு தங்காமல் போனது போதும், இதற்கு என் முகம் முதல் முகமாய் இருக்க வேண்டாம். செல்வத்துரை வாத்தியார் வந்துவிட்டார், மதிலோரம் சைக்கிளைச் சாத்திவிட்டு நிற்கிறார். அவசரமில்லை அம்மா, ஆனால் பொழுதுபட முதல் அங்காலை போகவேணும் எண்டு சொல்கிறார். நான் என்ன எழுதி முடிக்கிறது மகன். இப்படியே கொடுத்துவிட்டால் நீ அங்கே எத்தனை மாசம் தெரியாமல் இருப்பாய். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

பேனை திரும்ப எடுக்க நேரம் சென்றுபோயிற்று. மார்கிரட் அக்கா வெளியே வந்து வானின் கதவை இழுத்தா, கைப்பிடி இல்லாததால் திறக்க இயலாமல் கண்ணாடியில் தட்டினா. பெண்பிள்ளை. கத்துகிறாள், நல்லாய்க் கத்துகிறாள். பத்மாசினிக்கு மயக்கம் தெளியவில்லை, இரத்தம் நின்றுவிட்டது, இன்று இரவு தாண்டினால் பயமில்லை என்று டொக்டர் சொன்னாராம். வாரும் எண்டு கையைப் பிடித்து இழுத்தா. நான் வரமாட்டேன் அக்கா, சற்குணம் முதலில் பார்க்கட்டும் எண்டேன். அவர் இரத்தம் குடுத்துத் தலை சுத்திக் கிடக்கிறார், பிள்ளையை ஒரு சின்ன நேர்ஸ் தூக்கிக்கொண்டு நிக்கிறாள், அவளைக் காயக்காரர் வாட்டுக்குக் கூப்பிடுகினம், ஆரும் வாங்காட்டில் அவள் எங்கை போடுறது எண்டு கத்தினா. நான் அசையவில்லை. பிறகு குரலை இறக்கி, மீனாம்பிகை, பத்மாசினியும் உம்மடை முகத்தைப் பாத்துத்தானே வளந்தவள், அந்த முகத்துக்கு இப்ப என்ன வந்தது எண்டு கேட்டா. இறங்கிப் போய் வாங்கினேன். பார்த்தாள் மகன். அந்தக் கத்துக் கத்தினவள் அழுகையை விட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியாரை இனியும் மறிக்க இயலாது. நாளைக்குப் பத்மாசினி கண் முழித்தது என்று அடுத்த ஆளிடம் எழுதி அனுப்புவேன், அதுவரை நீயும் சாமியைக் கும்பிடு. நீயும் உன் பெண்சாதி பிள்ளைகளும் பல்லாண்டு வாழ வேண்டும், உங்கள் ஓட்டம் எல்லாம் சுகமாய்ப் போய்ச் சேருகிற ஓட்டமாய் இருக்க வேண்டும். ஒன்றை மறவாதே, பிள்ளைக்குத் தாய்மாமன் நீ. நல்லதாய் ஒரு பேர் எழுதி அனுப்பு. அது இங்கே வந்து சேர அவள் நடக்கத் தொடங்கிவிடுவாள், பரவாயில்லை, அதுவரைக்கும் பிள்ளை என்றே கூப்பிடுகிறோம்.

என்றும் உங்களை நினைத்திருக்கும் அம்மா,
க. மீனாம்பிகை