வலிக்காத கால்

என்னங்க,

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் முன்னால் கத்த முடியவில்லை. அதனால் எழுதி, உங்கள் துணிப்பையில் வைக்கிறேன்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து வெறுங்காலோடு பால்குடம் எடுத்தீர்கள். காலில் கண்ணாடிச் சில்லு ஏறியதுகூடத் தெரியவில்லை. "கொஞ்சம்கூட வலிக்கல லா, எல்லாம் முருகன் அருள்" என்று நம் தோ பாயோ பேட்டை முழுக்கப் பெருமை பேசினீர்கள்.

நேற்று டாக்டர் அதே பாதத்தில் ஊசியால் குத்தினார். நீங்கள் பாட்டுக்கு டிவி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சர்க்கரை வியாதியில் நரம்பு செத்துவிட்டதாம். முருகனை ஏன் இழுத்தீர்கள்? மாத்திரையைக் குப்பையில் போட்டது அவரா? தினமும் இனிக்க இனிக்க இரண்டு கிளாஸ் தே தாரிக் டீ குடித்தது அவரா?

அந்தச் சில்லுப் புண் அழுகிவிட்டது, கால் விரலை எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதும், "அடுத்த பூசத்துக்கு நடக்கலாமா டாக்டர்?" என்று கேட்டீர்களே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாளைக்கு மறுபேச்சு பேசாமல் ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த பூசத்துக்குக் குடத்தை நான் எடுக்கிறேன். நீங்கள் செருப்புப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வாருங்கள்.

எனக்கு வலிக்கும். கோயில் வரைக்கும் வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவேன். நீங்கள் கேட்டுக்கொண்டே வர வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தணியாத உங்கள் வீட்டுக்காரி