சவ வண்டி ஓட்டும் அக்கா

ஜொகூர் பாரு
4 மார்ச் 2025

அன்புத் தங்கை லோஷினிக்கு,

நலமா? வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலந்தானே? நான் அழைத்தால் நீ எடுப்பதில்லை, ஆகவே எழுதுகிறேன்.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். தொழிற்சாலை வேலையை விட்டு, ஈமச்சடங்கு செய்யும் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டேன். சவ வண்டி ஓட்டுகிறேன். இறந்தவர் பெண் என்றால் குளிப்பாட்டிச் சேலை கட்டிவிடுகிறேன். முதலாளி ஜெயபாலன் முதலில் தயங்கினார். "பொம்பள செய்யிற வேலையா லா இது?" என்றார். "பொம்பளைங்களும் சாகுறாங்கதானே அண்ணே," என்றேன். மறுநாளே வரச் சொன்னார்.

உன் வளைகாப்பு எப்போது?

உன் அக்கா,
யோகேஸ்வரி


பொந்தியான்
15 மார்ச் 2025

அக்கா,

அடுத்த ஞாயிறு வளைகாப்பு. நீ வர வேண்டாம். இதை எழுதவே மனம் கூசுகிறது. "பொணத்தக் குளிப்பாட்டுறவங்க சுப காரியத்துக்கு வரக்கூடாது," என்று என் மாமியார் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

உலகத்தில் வேறு வேலையா இல்லை? அம்மா இருந்திருந்தால் விட்டிருப்பாளா? விட்டுவிடு அக்கா. பிறகு வா.

லோஷினி


ஜொகூர் பாரு
1 ஏப்ரல் 2025

லோஷினி,

வளைகாப்பு நல்லபடியாக நடந்திருக்கும். உன் மேல் கோபமில்லை, வருத்தம் உண்டு.

அம்மாவைப் பற்றிக் கேட்டாய். அம்மாவைக் குளிப்பாட்டியவர்கள் ஈமச்சடங்கு நிறுவனத்திலிருந்து வந்த இரண்டு ஆண்கள். நல்லவர்கள், மரியாதையாகத்தான் செய்தார்கள். ஆனால் டாக்டர் முன்னால்கூட முந்தானையை விலக்கக் கூசியவள் நம் அம்மா. என்னை உள்ளே விடவில்லை. கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் உள்ளே நிற்கிறேன். இந்த வேலையை விட மாட்டேன்.

யோகேஸ்வரி


பொந்தியான்
9 ஜூன் 2025

அக்கா,

பேசினால் அழுதுவிடுவேன் என்று எழுதுகிறேன். பிள்ளை போன வாரம் பிறந்தது. பெண். உயிரில்லை.

என்னிடம் முகத்தைக் காட்டவில்லை. "பாத்தா மறக்க முடியாதும்மா, வேணாம்," என்று மாமியார் தடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர்தான் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. எனக்குப் பால் கட்டி வலிக்கிறது.

இப்படிப்பட்ட பிள்ளைகளை என்ன செய்வார்கள்? ஒரு துணியாவது சுற்றுவார்களா? உனக்குத் தெரிந்திருக்கும். பொய் சொல்லாமல் எழுது.

லோஷினி


ஜொகூர் பாரு
13 ஜூன் 2025

என் தங்கமே,

அவளைக் குளிப்பாட்டியது நான்தான்.

உன் கணவர்தான் அழைத்தார். "யார் கையிலயும் கொடுக்க மனசு வரலக்கா. நீங்க வாங்க," என்றார். உன்னிடம் அவரே சொல்வார் என்று காத்திருந்தேன். பாவம், அவருக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது.

வெதுவெதுப்பான தண்ணீரில்தான் குளிப்பாட்டினேன். தலை நிறைய முடி. மேலுதடு அப்படியே உன்னுடையது. இடது காது மடல் கொஞ்சம் மடங்கியிருந்தது. நீ வாங்கி வைத்திருந்த மஞ்சள் சட்டையை அவரே எடுத்து வந்தார்; போட்டுவிட்டேன். அன்று வண்டியை ஜெயபாலன் அண்ணன் ஓட்டினார். இடுகாடு போய்ச் சேரும்வரை நான் அவளைக் கீழே வைக்கவில்லை.

யோகேஸ்வரி


பொந்தியான்
18 ஜூன் 2025

அக்கா,

உன் கடிதத்தைக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அவர் தலை நிமிராமல் கேட்டார். காது மடலைப் பற்றிப் படித்தபோது மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

சனிக்கிழமை வா. யார் என்ன சொன்னாலும் வா. வேலை இருந்தால் முடித்துவிட்டே வா. எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன். அவளை எப்படிப் பிடித்திருந்தாய் என்று எனக்குக் காட்ட வேண்டும்.

உன்
லோஷினி