கடைசிக் கப்பலும் பச்சைத் தக்காளியும்

லேனா ஆற்றங்கரை,
ஜூன் மாதம்

என் கிழவன் கவ்ரிலுக்கு,

வர்வாரா எழுதிக்கொள்வது. நானும் இரண்டு மாடுகளும் நலம். வட கடலோரம் காற்றையும் குளிரையும் அளந்துகொண்டிருக்கும் நீயும் நலமாகத்தான் இருப்பாய். ஐம்பது வயதுக்காரனைக் கிழவன் என்கிறாளே என்று முகம் சுளிக்காதே. நம் ஊரில் பெண்டாட்டிகள் புருஷனை வேறு எப்படிக் கூப்பிடுகிறார்கள்?

ஆற்றில் ஐஸ் உடைந்த பிறகு வந்த முதல் கப்பலில் உன் கடிதம் வந்தது. உங்கள் வானிலை நிலையத் தலைவர் உன்னை மூன்றாவது குளிர்காலத்துக்கும் இருக்கச் சொல்கிறார், கடைசிக் கப்பல் திரும்புவதற்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, பறவைகள் வந்துவிட்டன என்று அரைப் பக்கம். நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டு ஒரு வரியாவது இருக்குமோ என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். இல்லை. கேட்காதவனுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? ஆகவே தக்காளியைப் பற்றி எழுதுகிறேன்.

மார்ச்சிலேயே விதை போட்டுவிட்டேன். வெளியே இடுப்பளவு பனி, உள்ளே எல்லா ஜன்னலிலும் நாற்று. செடிகள் வளர வளர வீட்டுக்குள் வரும் வெளிச்சமே பச்சையாகிவிட்டது. அந்த வெளிச்சத்தில் தனியாகத் தேநீர் குடிக்கும்போது ஏதோ ஏரிக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். பேசினால் குமிழி வருமோ என்றுகூடத் தோன்றியது. பேசத்தான் ஆள் இல்லை.

போன வாரம் அவற்றைக் கண்ணாடி வீட்டுக்கு மாற்றினேன். நீ பழைய ஜன்னல் சட்டங்களைக் கோத்துக் கட்டினாயே, அது இன்னும் நிற்கிறது. வடக்கு மூலை மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நம் ஊர் மண்ணை நம்ப முடியுமா? ஒரு முழம் தோண்டினால் ஐஸ். இடுப்பளவுக்குச் சாணத்தைக் குவித்து, அதன் மேல் மண்ணைப் பரப்பி நட்டேன். சாணம் உள்ளுக்குள் சூடேறிவிட்டது. கையை நுழைத்தால் மாட்டின் வயிற்றோரம் கை வைத்தது போல இருக்கிறது.

பக்கத்து வீட்டு உல்யானா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, இத்தனை செடி வச்சிருக்கே? மக யாகுட்ஸ்க் பட்டணத்துல படிக்கிறா. புருஷன் வெள்ளைக் கரடிக்கு வாக்கப்பட்டுப் போயிட்டான். நீயும் மாடுமா எதிரெதிரே உக்காந்து திங்கப்போறீங்களா?" என்றாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு சாணத்துக்குள் கையை வைத்தபடியே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது இருட்டுவதே இல்லை. எப்போது தூங்கினேன், எப்போது விழித்தேன் என்று தெரியாமல் நாள்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகின்றன. அடுப்பு நெருப்புக்கு வெண்ணெய் இட்டு வேண்டிக்கொள்ளும்போது உன் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் இடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

வர்வாரா


ஜூலை

கவ்ரில்,

புல் அறுப்பு தொடங்கிவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. குதிரை ஈக்களை விரட்டப் புகை போட்டுப் போட்டு என் தலைமுடி, ரொட்டி, தேநீர் எல்லாம் ஒரே வாசனை. நம் மகள் ஐதா விடுமுறைக்கு வந்திருக்கிறாள். உன் அரிவாளை அவள்தான் பிடிக்கிறாள். பிடி உன்னைப் போலவே. கோபமும் உன்னைப் போலவே.

தக்காளி பூத்துவிட்டது. கண்ணாடி வீட்டுக்குள் தேனீ வராதல்லவா, கோழி இறகு ஒன்றை எடுத்துப் பூப்பூவாகத் தொட்டுக்கொண்டு போகிறேன். இதற்கு அவசரம் ஆகாது. ஒரு பூ, அடுத்த பூ, அதற்கடுத்த பூ. மஞ்சள் தூள் விரலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. அந்த நேரத்தில் நான் உன்னோடு பேசுவேன், உனக்குத் தெரியாது. உன் எதிரில் இருந்தபோது பேசாததை எல்லாம் அந்தப் பூக்களுக்குச் சொல்லியாகிவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன். ஐதா படிக்கப் போன பிறகு நமக்குள் பேச்சு நின்றுபோனது. நீ ரேடியோவுக்குக் காது கொடுத்தாய். நான் கஞ்சியைக் கிண்டினேன். ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம்கூட இல்லை. அவள் பேசியதற்கு இடையில்தான் நாம் அதுவரை பேசியிருக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சமயம் பார்த்து வட கடலுக்கு ஆள் கேட்டார்கள், நீயும் கையெழுத்துப் போட்டாய். நான் உன் பையைக் கட்டிக் கொடுத்தேன். தடுத்திருக்க வேண்டும் என்று நீ எதிர்பார்த்தாயா? எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. போக ஆசைப்படுகிறாய் என்றுதான் நினைத்தேன்.

ஐதா நேற்று அரிவாளைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நீ ஒரு வார்த்தை கேட்டா அப்பா வந்துருவாரு. அவரு கேக்கட்டும்னு நீ இருக்கே, நீ கேக்கட்டும்னு அவரு இருக்காரு. நடுவுல நான் எத்தனை வருஷம் தபால்காரி வேலை பாக்குறது?" என்றாள். வாயை மூடிக்கொண்டு புல்லை அள்ளு என்று சொல்லிவிட்டேன். அள்ளினாள். முகத்தை மட்டும் காட்டவில்லை.

மத்தியானம் புல் குவியலில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். கனவில் நம் புல்வெளி முழுக்கத் தக்காளி. சாணமும் இல்லை, கண்ணாடியும் இல்லை, சும்மா வெட்டவெளியில் சிவப்பாகக் காய்த்துக் கிடக்கிறது. நீ ஒரு வாளியோடு நடந்து வந்து, "எங்க வைக்கட்டும்?" என்று கேட்கிறாய். "எங்கயாவது வையேன்" என்கிறேன். அவ்வளவுதான் கனவு. விழித்தபோது மனசு அப்படி லேசாக இருந்தது, எழுந்து உன்னைத் தேடிவிட்டேன்.

காலைச் சூடாக வைத்துக்கொள்.

வர்வாரா


ஆகஸ்ட் முடியப்போகிறது

கவ்ரில்,

உன் தந்தி வந்தது. ஆகஸ்ட் பிறந்தாலே உன் தந்திக்காக ஊரே காத்திருக்கிறது என்பது உனக்குத் தெரியுமா? குளிர் உன்னைத் தாண்டித்தானே எங்களிடம் வர வேண்டும். அதனால் தபால் ஆபீஸ் மத்ரியோனா என்னைத் தந்தியைப் பிரிக்கவே விடவில்லை. படியில் நின்று எல்லாருக்கும் கேட்க உரக்கப் படித்தாள். "குளிர் தெற்கே இறங்குகிறது. செடிகளை மூடு." எல்லாரும் வீட்டுக்கு ஓடத் திரும்பினார்கள். மத்ரியோனா அதே குரலில் அடுத்த வரியையும் படித்துவிட்டாள். "கப்பலில் என் கம்பளி பூட்ஸ் அனுப்பு."

ஓடத் திரும்பியவர்கள் நின்றுவிட்டார்கள். கொண்டுபோன ஜோடி இரண்டு குளிர்காலத்தில் தேய்ந்திருக்கும். வீட்டில் இருக்கும் கம்பளி பூட்ஸையும் கேட்பவன் இந்தக் குளிர்காலமும் அங்கேதான் என்று முடிவு செய்துவிட்டான். இதைப் புரிந்துகொள்ள நம் ஊரில் படிப்பு வேண்டுமா? யாரும் என்னைப் பார்க்கவில்லை. உல்யானாதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அவன் கெடக்கான். நீ மொதல்ல செடியை மூடு, வா. அழறதா இருந்தா மூடிக்கிட்டே அழு" என்றாள்.

மூடினோம். கண்ணாடி வீட்டுக்கு மேலே மான்தோல், கம்பளம், படுக்கை. போதாமல் பெட்டியில் இருந்த குளிர்கால உடுப்புகளை எல்லாம் கொண்டுவந்து கண்ணாடியைச் சுற்றிலும் சாத்திப் போர்த்தினேன். ஊர் முழுக்க அதே வேலை. வேலை முடிந்து வேலியோரம் நின்று பார்த்தபோது, அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கோட்டுகள் குந்தி உட்கார்ந்திருந்தன. செத்தவர்கள் கோட்டு, பட்டணம் போனவர்கள் கோட்டு, எல்லாம். இந்த ஊரை விட்டுப் போன அத்தனை பேரும் சத்தமில்லாமல் திரும்பி வந்து செடிகளுக்குக் காவல் இருப்பது போல இருந்தது. உன்னுடையது வடக்கு மூலையில் இருந்தது. பக்கத்தில் போய்க் காலரைச் சரி செய்துவிட்டு வந்தேன்.

விடிந்தபோது வேலி வெள்ளை, புல் வெள்ளை. உல்யானா, செமியோன் வீட்டில் பாதி கறுத்துவிட்டது. நமக்கு ஓரச் செடிகள் இரண்டோடு போனது. ஆனால் இனி வரும் குளிரைத் தாங்காது என்று தெரிந்ததால் அன்றே எல்லாவற்றையும் பறித்துவிட்டேன். செடியிலேயே சிவந்தது ஒரு கை அளவுதான். மற்றதெல்லாம் பச்சை, கல் போல.

பச்சைத் தக்காளி எங்கே போகும்? வழக்கம் போல இந்த ஊர்க் கம்பளி பூட்ஸ் எல்லாவற்றுக்குள்ளும் போயிருக்கிறது. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பழுத்ததை வைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளியாகிவிட்டது. இருட்டும் கதகதப்பும் இருந்தால் தானாகச் சிவக்கும். உல்யானா புருஷன் செமியோன்தான் போன வருஷம் போலவே இந்த வருஷமும் தூக்கக் கலக்கத்தில் பூட்ஸுக்குள் காலை விட்டுவிட்டான். உல்யானா கத்தியது ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும். "வருஷத்துக்கு ஒருதரம் காய்க்குதே, அதையும் கால்லதான் திம்பியா?"

கப்பல் நாளை கிளம்புகிறது. நீ கேட்டபடியே உன் பூட்ஸை அனுப்புகிறேன். இடது கால் பூட்ஸ். கணுக்கால் வரைக்கும் பச்சைத் தக்காளி, நடுவில் பழுத்தது ஒன்று, மேலே வைக்கோல். வலது காலிலும் தக்காளி நிரப்பிவிட்டேன், அது நம் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பழுக்கிற வரையில் அதை அசைக்க முடியாது, உனக்கே தெரியும். ஆகவே ஒன்றுதான் வருகிறது. ஒற்றை பூட்ஸோடு அங்கே ஒருவன் குளிர்காலத்தை ஓட்ட முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

நிலையத் தலைவர் என்னைத் திட்டினால் திட்டட்டும். நீயும் திட்டு. நேரில் வந்து திட்டு.

இந்தக் கப்பல்தான் அங்கே சரக்கை இறக்கிவிட்டு, ஐஸ் பிடிப்பதற்குள் இங்கே திரும்பப்போகிறது. இதற்குப் பிறகு அடுத்த வருஷம்தான். நீ என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்காமலே இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன், கவ்ரில். வீட்டுக்கு வந்துவிடு. என்ன பேசுவது என்று எனக்கும் தெரியாது. பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் எதிரில் உட்கார்ந்திரு.

ஐஸ் இந்த வருஷம் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கட்டும் என்று நெருப்புக்கு வெண்ணெய் இட்டு வேண்டியிருக்கிறேன். ஆறு உனக்கு வழி விடட்டும். வரும் வழியில் பழுத்ததை நீ சாப்பிடு. பழுக்காததை அந்தப் பூட்ஸிலேயே வைத்து, கையோடு வீட்டுக்குக் கொண்டு வா.

உன்
வர்வாரா