கட்டை நகரவே இல்லை

ஜூலை 8, செவ்வாய்

'உயர் இயற்பியல்' என்று பேர் வைத்தவருக்குக் கை தவறிவிட்டது. 'உயிர் எடுக்கும் இயற்பியல்' என்றுதான் எழுத நினைத்திருப்பார். எல்லோருக்கும் முடுக்கம் வருகிறது, எனக்கு முடக்கம்தான் வந்தது.

இன்றும் நின்றேன். இந்த வகுப்பின் கேடுகெட்ட வழக்கம் அது. வாத்தியார் முந்தின நாள் சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு கரும்பலகையின் மூலையில் ஒரு கணக்கை எழுதிவிட்டுப் போவார். காலையில் அவர் வரும்போது விடை தயாராக இருக்க வேண்டும். இல்லாதவர்கள் மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும். வாத்தியாருக்கு நான் வைத்த பேர் இஸ்திரி. சட்டை முழுக்க மடிப்பு, மூளையில் ஒரு மடிப்புகூடக் கிடையாது.

இங்கிருந்து தப்பித்து சாதா இயற்பியலுக்குப் போய்விட்டவன் ஜாமீன். பெயர்க்காரணம் சொல்ல வேண்டியதில்லை. "ஜன்னல் பெஞ்ச் காலியாதான் இருக்கு, வந்துடுடி. மாறிக்க அடுத்த வார வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்" என்றான். ஜாமீனில் வந்தவன் முகத்தில் என்ன ஒரு தேஜஸ்!

ஜூலை 9, புதன்

விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

"முடியலையா, புடிக்கலையா?" — அம்மா.

"ரெண்டும்."

"ரெண்டும்னா முடியலன்னு அர்த்தம்."

பல் டாக்டரிடம் வேலை பார்த்துப் பார்த்து, எடுத்த எடுப்பில் வேரைப் பிடிக்கிறாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு விலகல் சீட்டில் கையெழுத்துப் போட்டார். திட்டித் தொலைத்திருக்கலாம்.

இனி இஸ்திரி கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஜூலை 10, வியாழன்

சும்மா போனால் நான் நானா? ஒரு பிரிவு உபசாரம் செய்துவிட்டுத்தான் போவேன்.

முன் பெஞ்சைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அதில் ஒருத்தன் இருக்கிறான், சரிங்கசார். இஸ்திரி தும்மினாலும் "சரிங்க சார்" என்று எழுதிக்கொள்வான். இவர்களெல்லாம் அறிவாளிகளாம். காலைக் கணக்கில் ஒரு தகவலை மட்டும் யாருக்கும் தெரியாமல் அழித்துவிட்டால்? மொத்தக் கூட்டமும் திருதிருவென்று முழிக்கும். அதைக் கண்குளிரப் பார்த்துவிட்டுச் சீட்டை நீட்டுவேன்.

ஜூலை 11, வெள்ளி

சீக்கிரமே போய் 'மேசையின் உயரம்' என்ற வரியை அழித்தேன். ஒரு ஜீவன்கூட முழிக்கவில்லை. எல்லோருக்கும் விடை வந்துவிட்டது. அந்த உயரம் கணக்குக்கே தேவையில்லையாம்!

வழக்கம்போல நின்றது நான்.

ஜூலை 14, திங்கள்

கயிற்றின் நீளத்தை அழித்தேன். அதுவும் தேவையில்லையாம். தேவையில்லாததை எதுக்குய்யா எழுதறீங்க?

கோபத்தில் சாயங்காலம் முழுக்க அந்தப் பாடத்தோடு உட்கார்ந்தேன். படிக்க இல்லை. எதை உருவினால் கணக்கு குடைசாயும் என்று கண்டுபிடிக்க. கன்னம் வைக்கிறவனும் வீட்டைச் சுற்றி வந்து பார்த்துத்தானே ஆக வேண்டும்?

பார்த்துவிட்டேன். சுவர் எங்கே மெல்லிசு என்று தெரிந்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

இன்றைய கணக்கு: மேசைமேல் மூன்று கிலோ கட்டை. அதில் கட்டிய கயிறு விளிம்பிலிருக்கும் கப்பிமேல் போகிறது, மறுமுனையில் இரண்டு கிலோ தொங்குகிறது. மேசை சொரசொரப்பானது, உராய்வு எண் 0.2. கட்டையின் முடுக்கம் என்ன?

'உராய்வு எண் 0.2' — அதை மட்டும் அழித்தேன். எவ்வளவு சொரசொரப்பு என்று தெரியாமல் எவனாலும் விடை சொல்ல முடியாது. சொல்லவே முடியாது!

சொன்னார்கள். கிட்டத்தட்ட அத்தனை பேரும். 2.8, 2.8, 2.8. இஸ்திரி ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தார். எனக்குத் தலை சுற்றியது. அப்புறம்தான் உறைத்தது. இஸ்திரி தருகிற கணக்கில் எப்போதும் 0.2தான். வருஷா வருஷம் 0.2தான். பலகையில் இல்லாத எண்ணைப் பழக்கதோஷத்தில் படித்திருக்கிறார்கள்! ஆட்டு மந்தை என்று எழுதலாம். ஆடு கோபித்துக்கொள்ளும்.

என்னைத் தவிர ஒரே ஒருத்திதான் விடை எழுதவில்லை. கடைசி பெஞ்ச் அழிரப்பர். எழுதுவதைவிட அழிப்பதுதான் அதிகம், நோட்டெல்லாம் ஓட்டை. மெதுவாக எழுந்து, "சார், உராய்வு எவ்ளோன்னு போடலையே?" என்றாள்.

இஸ்திரி பலகைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "எப்பவும் 0.2தானேம்மா? இதுகூடத் தெரியலன்னா ஏன் இங்க உக்காந்து கஷ்டப்படற? சாதாவுக்குப் போயிடு."

கிளாஸே சிரித்தது. சரிங்கசார் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

அவள் நின்றாள். நானும் விடை எழுதாததால் பக்கத்தில் நின்றேன். அந்த வகுப்பிலேயே கணக்கைக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவளைத்தான் போகச் சொல்கிறார்.

மணி அடித்ததும் என்னிடம் வந்தாள். "அந்தச் சீட்டு ஆபீஸ்ல எங்கடி குடுக்கறாங்க?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன். சீட்டு என் பைக்குள்தான் இருந்தது.

சே.

ஜூலை 16, புதன்

விரலெல்லாம் இன்னும் சாக்பீஸ் தூள். பக்கமெல்லாம் வெள்ளைத் திட்டாகத்தான் வரும்.

இஸ்திரி வருகைப்பதிவு எடுத்து முடித்ததும் நேராகப் பலகைக்குப் போனேன்.

"நேத்து கணக்குக்கு விடை கிடையாது சார்."

"என்னது?"

"0.1 போட்டா 3.4 வருது." போட்டுக் காட்டினேன். "0.2க்கு 2.8. 0.7 போட்டா..." சாக்பீஸ் உடைந்துவிட்டது, பாதியை வைத்து எழுதினேன். "தொங்கறது இழுக்கற விசை இருபது. உராய்வு இருபத்தொண்ணு வரைக்கும் தாங்கும். கட்டை நகரவே நகராது. சும்மா உக்காந்திருக்கற கட்டையை எல்லாரும் சேர்ந்து ஓட வச்சிருக்கோம் சார்."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள்.

"எண்ணை அழிச்சது நான்தான். அது இல்லன்னு பாத்தது அவ ஒருத்திதான்."

இஸ்திரி முதன்முறையாகப் பலகையைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். தப்பு கிடைக்கவில்லை போல. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இந்தச் சேட்டைக்கெல்லாம் இங்க இடமில்ல. நீ விலகப் போறதா ஆபீஸ்ல சொன்னாங்களே, சீட்டு இருக்கா? கொண்டா, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

இதற்குத்தானே ஒரு வாரமாக அலைந்தேன்? பையில் கையை விட்டால் எடுத்து நீட்டிவிடலாம். வாயிலிருந்து வந்தது என்னவோ, "இல்ல சார்."

"என்ன இல்ல?"

"போகல சார்."

எனக்கு என்ன வந்தது? இந்த மனுஷன் பேனாவைத் திறந்த வேகத்தைப் பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. நானாகப் போனால் போகிறேன், இவர் அனுப்பி நான் ஏன் போக வேண்டும்? அது மட்டும்தானா? கடைசி வரியை எழுதும்போது அந்தக் கட்டை உண்மையிலேயே என் கண்முன் அசையாமல் நின்றது. சத்தியமாகப் பார்த்தேன். இதை ஜாமீனிடம் சொன்னால் சிரிப்பான்.

தண்டனை: மாசம் முழுக்கப் பலகை துடைக்க வேண்டும். ஆடு திருடியவளை மந்தைக்கே காவல் வைத்திருக்கிறார்கள்.

அழிரப்பர் மதியம் தன் சாப்பாட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

ஜூலை 18, வெள்ளி

கடைசி நாள். ஆபீஸ் வழியாகப் போகவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பரீட்சையில் எனக்கு 43. பாஸ் 40. அழிரப்பருக்கு 71. சரிங்கசாருக்கு 88. அவன் விடைத்தாளை மூன்று தடவை கூட்டிப் பார்த்தான், பாவம், ஒரு மார்க்குகூடக் கூடவில்லை.

இஸ்திரி இப்போதெல்லாம் எண்ணைத் தினமும் மாற்றிப் போடுகிறார். இன்றைக்கு 0.37. மொத்த வகுப்பும் என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தது. முறைக்கட்டும்.

அழிரப்பர் வாசலில் நின்று கத்துகிறாள். சாய்தளப் பாடத்தில் இரண்டாவது கணக்கு எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.