கால் போனது போனதுதான்

செப்டம்பர் 3, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் பார்க்கிற ஆள் இன்றும் வரவில்லை. குடத்தில்தான் பிழைப்பு.

ரஞ்சனி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டாள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்புப் படிக்கிற ரெசிடென்சிக்கு விண்ணப்பம் போடுகிறாள் அல்லவா, அதோடு தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டுமாம். வாசித்துக் காட்டினாள். எனக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் ஏறும். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சமெல்லாம் அவள் பாடப்புத்தகத்திலும் பேப்பரிலும் நானாகக் கற்றது. ஆனால் முதல் வரி நன்றாகவே புரிந்தது. 'எழுத்தறிவில்லாத ஒரு தாயின் மகளாக, வறண்ட கிராமம் ஒன்றில் பிறந்தேன்.'

"யாருட்டி அந்த எழுத்தறிவில்லாத தாய்?"

"ஏஐ எழுதுனதும்மா. நான் பாயிண்ட் மட்டுந்தான் கொடுத்தேன்."

"உன் பாயிண்ட்ல நான் எப்படி இருந்தேன்?"

"ஹவுஸ் வைஃப்னு போட்டேன். அது அப்படி எடுத்துக்கிடுச்சு."

அது எடுத்துக்கொண்டது, சரி. நீ ஏன் விட்டாய்? ராஜபாளையம் வறண்ட கிராமமாம். தெருவுக்கு ரெண்டு ஆஸ்பத்திரி. சத்திரப்பட்டித் தறியில் இவளுடைய அப்பா சூப்பர்வைசர். அங்கே நெய்கிற பேண்டேஜ் துணி எந்தெந்த ஊருக்கோ போகிறது. வறட்சி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 4, புதன்

மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னேன். வீட்டுக் கணக்கில் சீட்டு இல்லாத செலவை நான் ஏற்றுவதில்லை. அதே மாதிரி வரிவரியாக நிறுத்தி, "இது நடந்துச்சா?" என்று கேட்டேன். பாதிக்கு மேல் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைசிப் பத்தியில் வத்திராயிருப்புக்காரர் வந்தார். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது இவள் தினமும் கட்டுப் போட்டுவிட்ட சம்சாரி, நெல் விவசாயி. சர்க்கரைப் புண், வலது பாதம். இவள் அக்கறையால் புண் ஆறி, அவர் மறுபடி வயலில் இறங்கி நடந்தார் என்று எழுதியிருக்கிறது.

நடந்தாரா?

அவர் காலை வெட்டி எடுத்த அன்று இவள் வீட்டுக்கு வந்து சோறு உண்ணாமல் சுவரைப் பார்த்துப் படுத்தது எனக்கு மறக்கவில்லை. தினமும் வந்து கட்டு மாற்றுங்கள் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நாலு நாள் வரவில்லை. நடவு நேரம், கூட்டிவர ஆள் இல்லை. ஐந்தாம் நாள் வந்தபோது கால் கறுத்துவிட்டது. 'எப்படி வந்து போறீங்கன்னு ஒரு நாள்கூட நான் கேட்கலையேம்மா' என்று அன்றைக்கு அழுதவள், இன்றைக்கு அவரை நடக்க வைத்துவிட்டாள்.

"அது அழகா முடியுதும்மா" என்கிறாள்.

கால் போனது போனதுதான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மதுரையிலிருந்து பெலிக்ஸ் சார் போனில் பேசினார். இந்த விண்ணப்பங்களுக்கெல்லாம் வழிகாட்டுகிறவர். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், ஆயிரக்கணக்குல வரும். ஒருத்தர் ஒரு நிமிசந்தான் பாப்பாரு. சோகமா ஆரம்பிச்சு ஜெயிச்ச மாதிரி முடிக்கணும். எல்லாரும் இப்பிடித்தான் பண்றாங்க."

"எல்லாரும் இப்பிடித்தான்னா, அந்த ஒரு நிமிசத்துல இவ மட்டும் எப்பிடி சார் தெரிவா?"

சார் சிரித்துவிட்டு ரஞ்சனியிடம் பேச ஆரம்பித்தார்.

செப்டம்பர் 11, புதன்

அவள் குளிக்கப் போன நேரம், என் போனில் நானே அந்த ஏஐயிடம் தமிழில் கேட்டேன். டாக்டர் ஒருத்தி விண்ணப்பத்தில் பொய் சொன்னால் தப்பா? 'ஆம், நீங்கள் சொல்வது மிகவும் சரி, நேர்மையே முக்கியம்' என்றது. செத்த நேரம் கழித்து, 'கொஞ்சம் அழகுபடுத்தினால் தப்பில்லை என்கிறார்களே' என்றேன். அதற்கும் 'நல்ல கருத்து, நீங்கள் சொல்வதும் சரிதான்'.

நம் தெருவில் ஒரு கல்யாணத் தரகர் இப்படித்தான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இவர் சாப்பிடும்போது சொன்னது: "இந்த ஒரு தடவைதான். அமெரிக்கப் பரிட்சை எழுதி ரெண்டு வருசம் வீட்டுல இருந்தாச்சு. கிடைக்கலைன்னா ஸ்ரீவில்லிபுத்தூர்ல டூட்டி டாக்டரா சேரட்டும். மாப்பிள்ளை பாப்போம்."

ரஞ்சனி தட்டைக் கழுவப் போய்விட்டாள். சாயங்காலம் அவளாகவே உட்கார்ந்து புதிதாக ஒன்று எழுதியிருக்கிறாள். அதில் கால் போகிறது. நான் எழுத்தறிவு உள்ளவளாக இருக்கிறேன். அப்பாவின் தறியும் வருகிறது. வாசித்தபோது குரல் நடுங்கியது. மிஷின் எழுதினதை வாசித்தபோது நடுங்கவில்லை.

ஆனால் எழுதி முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. "இதைப் படிச்சா நோயாளி காலைத் தொலைச்சவள்னு தள்ளிருவாங்கம்மா." அதுவும் நியாயம்தானே? எனக்கென்ன தெரியும் அமெரிக்கா.

செப்டம்பர் 22, ஞாயிறு

பெத்தம்மாள் மதினி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்தாள். இவருடைய அக்கா. வழக்கைக் கேட்டுவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் என்னட்டி சண்டை? அய்யனார்கிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றாள். ரஞ்சனி உடனே, "சரி அத்தை" என்றாள். நானும் தலையாட்டினேன். நாங்கள் நிலம் வாங்கினதும் பூக்கட்டிப் பார்த்துத்தான்.

அய்யனார் கோவிலுக்குப் போனோம். அருவியில் தண்ணீர் சன்னமாகத்தான் விழுகிறது. வெள்ளைப்பூ என்றால் அவள் எழுதினது, சிவப்பு என்றால் மிஷின் எழுதினது. தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி சன்னதியில் வைத்து, கும்பிட வந்த யாரோ வீட்டுச் சிறு பிள்ளையை எடுக்கச் சொன்னோம். பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

"பாத்தியா, சாமியே சொல்லிட்டாரு" என்றாள் மதினி. ரஞ்சனி முகத்தில் ஒரு வாரமாக இல்லாத தெளிவு. அது எனக்கு வலித்தது.

செப்டம்பர் 23, திங்கள்

விளக்கேற்றும்போது அய்யனாரிடம் சொல்லிவிட்டேன். அய்யா, பொய் சொல்லலாமா என்று உன் வாசலில் வந்து கேட்டேன். நானே தெரிந்து வைத்திருக்க வேண்டியதை உன்னிடம் கேட்டது என் தப்பு. இதைப் போய்க் கேட்கிறாளே என்ற கோபத்தில் நீ சொன்ன பதிலாக அதை எடுத்துக்கொள்கிறேன். அதன்படி நடக்க மாட்டேன்.

விளக்கு அணையவில்லை. அணைந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ரஞ்சனியிடம் போய், "உன்னோடதை அனுப்பு" என்றேன்.

"சாமி சொன்னதையே மீறுறியா? நான் ஏஐகிட்ட கேட்டா மட்டும் திட்டுத. நீ பூக்கிட்ட கேட்டே. என்ன வித்தியாசம்?"

"ஒரு வித்தியாசமும் இல்லட்டி. ரெண்டு பேரும் தெரிஞ்சதையே போய்க் கேட்டோம். நான் நிறுத்திட்டேன், நீயும் நிறுத்து."

"கிடைக்கலைன்னா?"

"என்னையச் சொல்லு. ஊரைக் கூட்டிச் சொல்லு."

கிடைக்காவிட்டால் பொறுப்பு என்னுடையது. தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 25, புதன்

கடைசி நாள். அனுப்பிவிட்டாள். எதை என்று நான் கேட்கவில்லை. அவளாகவே வந்து, "என்னோடதைத்தான். இங்கிலீஷ் பிழை மட்டும் ஏஐ திருத்துச்சு. எதையும் சேக்கக்கூடாதுன்னு சொன்னேன்" என்றாள். பிழை திருத்தட்டும். அதில் எனக்கு வழக்கில்லை.

அக்டோபர் 19, சனி

இன்றும் இரண்டு ஆஸ்பத்திரியிலிருந்து 'வருந்துகிறோம்' என்று மெயில்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மதினி பலகாரத் தூக்கோடு வந்தாள். ரஞ்சனியின் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சாமி வாக்கைத் தட்டுனா இப்பிடித்தான். அவளுக்கும் வயசு எம்புட்டு ஆச்சு? நீ படிச்ச படிப்புக்கு அய்யனாரையே திருத்தப் போயிட்ட."

"ஆமா மதினி, திருத்தத்தான் போனேன். அதிரசம் நல்லா வந்திருக்கு, இன்னொண்ணு குடுங்க."

சிரித்துவிட்டாள். அவள் போன பிறகு புறவாசலில் செத்த நேரம் உட்கார்ந்திருந்தேன். என் பிடிவாதத்துக்குப் பிள்ளையின் வருசங்களைப் பிடுங்கிவிட்டேனா? சாமி இல்லாத இடத்தில் இதைக் கேட்கிறேன். பதில் வேண்டாம்.

நவம்பர் 12, செவ்வாய்

ஒரு நேர்காணல். ஒரே ஒன்று. ஏதோ குளிர்ப் பிரதேசத்துச் சின்ன ஆஸ்பத்திரி.

நவம்பர் 20, புதன்

இன்னொன்றும் வந்துவிட்டது. நேர்காணலுக்காக அவள் ஏஐயோடு பேசிப் பழகுகிறாள். எந்தப் பதிலுக்கும் 'மிகச் சிறப்பு' என்கிறது. அதை எழுந்துபோகச் சொல்லிவிட்டு அதன் இடத்தில் நான் உட்கார்ந்தேன். "காலைக் காப்பாத்தத் தெரியாத உன்னைய நாங்க எதுக்கு எடுக்கணும்?" அழுதுவிட்டாள். மறுபடி கேட்டேன். மூன்றாம் தடவை அழாமல் பதில் சொன்னாள். நான்தான் எழுந்து போய் முகம் கழுவினேன்.

டிசம்பர் 11, புதன்

அந்தக் குளிர் ஊர்க்காரர்கள் இன்று கம்ப்யூட்டரில் பேசினார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கூப்பிட்டுவிடுவார்களோ என்று இவரும் வேட்டியை மாற்றிக்கொண்டு நின்றார். ஒரு வயதான அம்மா கேட்டது காதில் விழுந்தது. அந்த விவசாயி இன்று மறுபடி வந்தால் முதலில் என்ன செய்வாய்?

ரஞ்சனி சொன்னாள். "எப்படி வந்தீங்க, நாளைக்கு யார் கூட்டிட்டு வருவாங்கன்னு கேட்பேன். புண்ணைப் பார்க்குறதுக்கு முன்னாடி."

இங்கிலீஷில்தான் சொன்னாள். எனக்கு இப்படித்தான் கேட்டது.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி. விடியலில் கோலம் போட்டேன். வேண்டுதல் எதுவும் வைக்கவில்லை. வைத்தால் பேரம் பேசுகிற மாதிரி இருக்கும்.

மார்ச் 17, திங்கள்

விளக்கு வைத்த பிறகு மெயில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. எந்த ஊர் என்று வெள்ளிக்கிழமைதான் சொல்வார்களாம். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய் நின்றார். யாரிடமும் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தார்.

மார்ச் 22, சனி

அந்தக் குளிர் ஊர்தான்.

எல்லோரும் பங்கு கேட்டு வந்துவிட்டார்கள். பெலிக்ஸ் சார், 'நம்ம வழிகாட்டல் மேடம்' என்கிறார். மதினி, "அய்யனாரு உன் திமிரைப் பொறுத்துக்கிட்டாரு, பொங்க வையி" என்கிறாள். பொங்கல் வைப்பேன். அவர் என் சாமி, அதில் சந்தேகமில்லை. ஆனால் பொறுத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். கிடைக்காமல் போயிருந்தாலும் கால் போனதுதான்.

ஜூலை 9, புதன்

ரஞ்சனி போனில் பேசினாள். வார்டில் சேர்ந்து ஒரு வாரமாகிறது. குரல் கம்மியிருக்கிறது, தூக்கமில்லை.

அங்கே நோயாளியும் டாக்டரும் பேசுவதைக் கேட்டு ஒரு ஏஐயே கேஸ் ஷீட்டை எழுதிவிடுகிறதாம். ஒரு பாட்டையாவுக்கு, 'வீட்டில் மகன் கவனித்துக்கொள்கிறார், நடப்பதில் சிரமமில்லை' என்று எழுதியிருந்ததாம். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. மகன் எங்கோ தூரத்தில் இருக்கிறான், மாடிப்படி ஏற முடியவில்லை என்றுதான் சொன்னாராம்.

"சீனியர்தான், 'டைம் ஆகுது, கையெழுத்துப் போட்டு அனுப்பு'ன்னாங்கம்மா."

"நீ என்ன பண்ணே?"

"அதை அடிச்சுட்டு அவர் சொன்னதை எழுதுனேன். எல்லாருக்கும் லேட்டாயிருச்சு. மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க."

"வச்சிருக்கட்டும். சாப்டியா?"

"இல்லம்மா. இனிமேதான்."

சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டேன்.